முதலில் ஆபரேட்டர்கள், அப்புறம்தான் பேனல்கள்: பழைய பிஎம்எஸ்ஸை மாற்றிய அனுபவம்

சென்னை ஓஎம்ஆரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஃபெசிலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். ஏசி, பம்ப், விளக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்து ஓட்டுகிற பிஎம்எஸ், கட்டடம் எழுந்தபோது போட்டது. அதில், மாடிகளுக்குக் குளிர்காற்றைத் தள்ளுகிற ஏஎச்யுக்களின் பகுதி முழுவதையும் இப்போது மாற்றி முடித்திருக்கிறோம். 2000-க்குப் பிறகு தரமணியிலிருந்து சிறுசேரி வரை வரிசையாக எழுந்த கட்டடங்களில் இந்த வேலை பலருக்குக் காத்திருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய சிஸ்டம் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடியது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. லைசென்ஸ் இருந்தது பேரலல் போர்ட்டில் செருகிய டாங்கிளில். ஏஎச்யுக்களை ஓட்டுகிற கன்ட்ரோலர்களோடு பேசியது சீரியல் போர்ட் வழியாக. மதர்போர்டு போனால் இரண்டு போர்ட்டும் உள்ள இன்னொன்றுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை கன்ட்ரோலருக்குள் இருந்த சின்ன பேட்டரி. கரன்ட் இல்லாத நேரத்தில் புரோகிராமைக் காப்பாற்றுவது அதுதான். பேட்டரி தீர்ந்த நிலையில் கரன்ட் போய்வந்தால் புரோகிராம் அழிந்துவிடும். மறுபடி ஏற்ற பேக்கப் கிடையாது, ஸ்பேர் வருவதும் நின்றுவிட்டது.

அப்படி நினைவிழந்த ஏஎச்யுக்களை ஆபரேட்டர்கள் ஸ்டார்ட்டர் பேனலில் 'ஹேண்ட்' பக்கம், அதாவது கையால் ஓட்டும் பக்கம், திருப்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. போகப் போகப் பாதிக் கட்டடம் ஹேண்டில்தான் ஓடியது. காலையில் ஆன், இரவில் ஆஃப், நடுவில் ஃபேன் முழு வேகம், சில்டு வாட்டர் (குளிர்நீர்) வால்வு முழுத் திறப்பு. ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தாலே அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகும். ஃபேன் வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி வாங்கி மாட்டியிருந்தும் அந்தச் சேமிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாற்றுவது என்று முடிவானதும், எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்ற கேள்வி வந்தது. கேபிள், வால்வு, பேனல் பெட்டி, பெரும்பாலான சென்சார்கள் நன்றாகவே இருந்தன. டிடிசி எனப்படும் அந்த டிஜிட்டல் கன்ட்ரோலர், பவர் சப்ளை, மேலே உள்ள சர்வர் மூன்றையும் மாற்றினால் போதும். புதியது பேக்நெட்டில்தான் பேச வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 1995-ல் அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வெளியிட்டு, பிறகு ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன, வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி அது. ஒரே கம்பெனியின் தயவில் இன்னொரு இருபது வருடம் கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் 'பேக்நெட்' என்று டெண்டரில் எழுதினால் மட்டும் தப்பித்துவிட முடியாது. புரோகிராம் செய்யும் மென்பொருள், அதன் லைசென்ஸ், அட்மின் பாஸ்வேர்டு, ஒவ்வொரு கன்ட்ரோலரின் முழு பேக்கப் ஆகியவை கட்டட நிர்வாகத்தின் கைக்கு வர வேண்டும், வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதினோம். டெண்டருக்கு வந்த ஒரு கம்பெனி இதற்கு மறுத்துவிட்டது. போகட்டும் என்று விட்டோம். பாஸ்வேர்டு அடுத்தவரிடம் இருக்கிற சிஸ்டத்தை என்னால் சொந்தம் என்று சொல்ல முடியாது.

இனி பயிற்சி. வழக்கமாக இதைக் கடைசியில் வைப்பார்கள். கமிஷனிங் முடிந்து, ஒப்படைக்கிற அவசரத்தில், ஒரு மதியம் மீட்டிங் ரூமில் ஸ்லைடு போட்டுக் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் அதை முன்னால் கொண்டுவந்தோம். ஆர்டர் கொடுத்ததுமே ஒரு கன்ட்ரோலரை மட்டும் முதலில் வரவழைத்து, பிளான்ட் ரூமில் ஒரு பிளைவுட் பலகையில் மாட்டினோம். சென்சாருக்குப் பதில் திருகினால் மாறும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ஃபேனுக்குப் பதில் ஒரு இண்டிகேட்டர் விளக்கு. கூடவே வால்வைத் திருப்புகிற நிஜமான ஒரு ஆக்சுவேட்டர் மோட்டார்.

அந்தப் பலகை முன்னால்தான் எல்லாம் நடந்தது. குமிழைத் திருகினால் திரையில் வெப்பநிலை ஏறும். ஆக்சுவேட்டருக்குப் போகும் 0-10 வோல்ட் சிக்னல் ஏறும். ஆக்சுவேட்டர் முனகிக்கொண்டே திரும்பும். ரீடிங்கைப் பார்த்து வால்வைத் தானாகத் திருத்தும் கணக்கான பிஐடி என்றால் என்ன என்று பாடம் எடுத்தபோது பேசாமல் இருந்தவர்கள், ஆக்சுவேட்டர் முன்னும் பின்னும் அலைபாய்ந்து நிற்காமல் ஆடுவதைப் பார்த்ததும், "நம்ம மூணாவது மாடி வால்வு இப்படித்தானே ஆடும்?" என்றார்கள். கெயினை, அதாவது அந்தத் திருத்தத்தின் வீரியத்தை, குறைத்ததும் ஆட்டம் அடங்கியது. பேச்சு முழுவதும் தமிழில். திரையில் வரும் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டோம்.

அதிக நேரம் கொடுத்தது பேக்நெட்டின் முன்னுரிமை வரிசைக்கு. ஒரு ஃபேனை ஓடு, நில் என்று யார் யாரோ சொல்லலாம்: நேர அட்டவணை, புரோகிராம், திரையில் ஆபரேட்டர். யார் சொல் செல்லும் என்பதற்கு 16 படிகள் உண்டு. 1 எல்லாவற்றுக்கும் மேல், 16 கடைசி. ஆபரேட்டர் கைவைப்பது 8-வது படி. அங்கே 'ஆன்' என்று எழுதிவிட்டால், அதை விடுவிக்கும்வரை கீழே உள்ள அட்டவணை என்ன சொன்னாலும் எடுபடாது. இது புரியாத இடத்தில் புதிய சிஸ்டமும் சீக்கிரமே பழைய ஹேண்ட் கதைக்கு வந்துவிடும், ஒரே வித்தியாசம் இப்போது அது திரைக்குள் நடக்கும். அதனால் ஷிப்ட் மாறும்போது 8-ல் என்னென்ன நிற்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, காரணத்தை லாக் புக்கில் எழுதிவிட்டுத்தான் கை மாற்றுகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்களேதான்.

பலகையைச் சுற்றி உட்கார்ந்து பேசியதில் கிடைத்த இன்னொன்று, பழைய புரோகிராம். அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. டிராயிங்கில் இருந்தது வேறு, ஓடியது வேறு. எங்கள் சீனியர் ஆபரேட்டர் கட்டடம் திறந்த நாளிலிருந்து இருப்பவர். ஒவ்வொரு ஏஎச்யுவும் காலையில் எப்படிக் கிளம்பும், எது எதற்காகக் காத்திருக்கும், எப்போது எந்த டாம்பர் (காற்றுவழிக் கதவு) மூடும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன்.

"சார், மழைக்காலத்துல திங்கட்கிழமை மட்டும் மெதுவாத்தான் கிளம்பும். அதை எடுத்துராதீங்க" என்றார்.

"ஏன்ணே?"

"டிஃப்யூசர்ல தண்ணி சொட்டும் சார். கீழ உக்காந்திருக்கவங்க லேப்டாப் மேலயே விழும்."

அவர் சொன்னதில் அறிவியல் கச்சிதமாக இருக்கிறது. சனி, ஞாயிறு ஏசி நின்றிருக்கும்போது வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகைச் சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். திங்கட்கிழமை காலை 13, 14 டிகிரிக் காற்றை ஒரேயடியாகத் தள்ளினால், சீலிங்கில் காற்று வெளிவரும் டிஃப்யூசரின் குளிர்ந்த தகட்டின் மேல் அந்த ஈரம் முத்து முத்தாகப் படிந்து சொட்டத்தானே செய்யும்? பழைய புரோகிராமில் யாரோ ஒரு நல்ல இன்ஜினியர் இதை யோசித்து, வெளிக்காற்று டாம்பரை மூடிவைத்து, வால்வைப் படிப்படியாகத் திறக்கும்படி எழுதியிருக்கிறார். புதிய கம்பெனியின் ரெடிமேட் புரோகிராமில் அது இல்லை. நோட்டில் இருந்ததால் சேர்க்கச் சொன்னோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வந்த முதல் திங்கட்கிழமை ஒரு புகார்கூட வரவில்லை.

சென்சார்களை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம் அல்லவா, அதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சென்சாரான 10கே தெர்மிஸ்டரில் டைப் 2, டைப் 3 என்று இரண்டு வகை உண்டு. 25 டிகிரியில் இரண்டுமே 10,000 ஓம். அதனால் அறை வெப்பநிலையில் எந்த வகை என்று கன்ட்ரோலரில் மாற்றிக் கொடுத்தாலும் ரீடிங் சரியாக இருப்பதுபோலவே தெரியும். குளிரக் குளிரத்தான் பிரியும். டைப் 3 சென்சாரை டைப் 2 என்று நினைத்துப் படித்தால், 7 டிகிரி சில்டு வாட்டர் ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தை வீணாக விரட்டுவதற்கு அது போதும்.

எங்கள் சென்சார்களின் மேல் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே கீழே டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி, உடைத்து, ஃபிளாஸ்கில் தண்ணீரோடு கலந்து, சென்சாரை அதில் முக்கி மல்டிமீட்டரை வைத்தோம். 0 டிகிரியில் டைப் 2 என்றால் 32 ஆயிரத்துச் சொச்சம் ஓம் காட்ட வேண்டும், டைப் 3 என்றால் 29 ஆயிரத்துச் சொச்சம். எங்களுடையது 29-ல் நின்றது. பயிற்சியில் இருந்த இளம் ஆபரேட்டர்தான் மீட்டரைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு மற்ற சென்சார்களை அவரே சரிபார்த்து, பாயின்ட் லிஸ்ட்டில் வகையைக் குறித்து வைத்தார்.

மாற்றும் வேலையை வார இறுதி இரவுகளில், ஏஎச்யு ஏஎச்யுவாகச் செய்தோம். ஃபேனை ஹேண்டில் ஓடவிட்டு, பேனலைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் ஃபெரூல் எண் (வயரின் அடையாள எண்) இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்குப் புதிதாகப் போட்டு, அப்புறம்தான் பழைய கன்ட்ரோலரைக் கழற்றுவது. ஃபயர் அலாரம் வந்தால் ஏஎச்யு நிற்க வேண்டிய இணைப்பு நேரடி வயரில் இருந்தது. அதை மென்பொருளுக்கு மாற்றச் சொல்லி வந்த யோசனையை ஏற்கவில்லை. கன்ட்ரோலர் செத்துக் கிடந்தாலும் ஃபேன் நின்றாக வேண்டும். ஒவ்வொன்றையும் ஃபயர் பேனலிலிருந்து சிக்னல் கொடுத்து நிறுத்திப் பார்த்த பிறகே அந்த இரவை முடித்தோம்.

ஐந்தாவது மாடி மட்டும் படுத்தியது. கன்ட்ரோலர்கள் ஆன்லைன் வரும், போகும். கன்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்எஸ்-485 டிரங்க் கேபிள் ஒரு கன்ட்ரோலரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போக வேண்டும், நடுவில் கிளை பிரியக் கூடாது, இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். முகவரி, வேகம், பிளஸ்-மைனஸ், ஷீல்டு எர்த் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தது. சீனியர் அண்ணன் வந்து நின்று யோசித்துவிட்டு, "இந்த மாடியில டெனன்ட் மாறினப்ப ஃபால்ஸ் சீலிங் வேலை நடந்துச்சு. பேன்ட்ரி பக்கம் பிரிச்சுப் பாருங்க சார்" என்றார். பிரித்தோம். கேபிளை வெட்டி, டேப் சுற்றி, அங்கிருந்து நீளமாக ஒரு கிளை இழுத்திருந்தார்கள். பழைய சிஸ்டம் குறைந்த வேகத்தில் பேசியதால் அதைத் தாங்கிக்கொண்டது. வேகம் விநாடிக்கு 38400 பிட்டுக்குப் போனதும் தாங்கவில்லை. கிளையை எடுத்துவிட்டு வரிசையாகவே இழுத்தோம், அன்றைக்கே தொல்லை நின்றது.

ஐடி துறையினரோடு பெரிய சிக்கல் இல்லை. பிஎம்எஸ்ஸுக்குத் தனி விலான் (பிரித்து வைத்த நெட்வொர்க்), அதற்குள் மட்டும் பேக்நெட்டுக்கான யுடிபி 47808 போர்ட், வெளியிலிருந்து வருவதென்றால் விபிஎன் வழியாக மட்டும் என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டோம்.

இப்போது ஏஎச்யுக்கள் ஆட்டோவில் ஓடுகின்றன. ஹேண்டில் ஏதாவது நின்றால் திரையில் சிவப்பாகத் தெரியும். டிரெண்ட் கிராஃபைத் திறந்து, "நாலாவது மாடி ஃபில்டர் அடைச்சிருக்கு சார், ஃபேன் வேகம் ஏறிட்டே போகுது" என்று ஆபரேட்டர் போன் செய்கிறார். முன்பெல்லாம் டெனன்ட் புழுங்குகிறது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியவரும்.

சில்லர் பிளான்ட் இன்னும் பாக்கி. சில்லர்களின் ரீடிங் மட்டும் மாட்பஸ் என்ற இன்னொரு தொடர்பு மொழி வழியாகப் புதிய சர்வருக்கு வருகிறது, கட்டுப்பாடு பழைய பேனலில்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் லோடு குறையும், ஒரு சில்லரை நிறுத்தி வைத்தாலும் சமாளிக்கலாம் என்பதால் அப்போது கைவைக்கப் போகிறோம். அதற்கான நோட்டில் பாதி எழுதியாகிவிட்டது. இந்த முறை சீனியர் அண்ணன் சொல்ல, எழுதுவது அந்த இளம் ஆபரேட்டர்.