பால் ஊற்றாதவர்கள் பட்டியல்

எங்கள் நிறுவனம் எழுதிய மென்பொருளை ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் உள்ள பால் சேகரிப்பு மையங்கள் பயன்படுத்துகின்றன. காலையும் மாலையும் விவசாயிகள் வந்து பால் ஊற்றுவார்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எவ்வளவு, அதற்கு என்ன விலை என்பதெல்லாம் அங்கேயே பதிவாகிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. அந்தப் பதிவுகள் சேரும் டேட்டாபேஸில் குவெரி, அதாவது தகவலைக் கேட்கும் கட்டளை, எழுதுவது என் வேலை. கேட்பவர்கள் பெரும்பாலும் ரூட் மேற்பார்வையாளர்களும் கணக்குப் பிரிவினரும்தான். அவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகளில்தான் எனக்கு யோசனை அதிகம் தேவைப்படுகிறது.

"ஏனுங்க, போன வாரம் எங்க ரூட்ல பால் ஊத்தாதவங்க லிஸ்ட் வேணுமுங்க" என்பது அடிக்கடி வரும் கேள்வி. மாடு வற்றியிருக்கலாம், விற்றிருக்கலாம், வேறு பண்ணைக்கு ஊற்றத் தொடங்கியிருக்கலாம். எதுவானாலும் மேற்பார்வையாளர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பால் பதிவு டேபிளில் ஊற்றியவர்கள்தான் இருக்கிறார்கள். ஊற்றாததற்கு அங்கே ஒரு வரியும் கிடையாது. நடக்காத ஒன்றை டேட்டாபேஸ் தானாகப் பதிந்து வைப்பதில்லை. எனவே இந்தக் கேள்விக்கு உறுப்பினர் டேபிளில் இருந்துதான் தொடங்க வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்களில் யாருக்குப் போன வாரம் பதிவே இல்லை என்று பார்க்க வேண்டும்.

இதை எழுதச் சொன்னால் பலருக்கும் முதலில் கைக்கு வருவது 'நாட் இன்'. உறுப்பினர் எண் அந்த வாரப் பதிவுகளில் இல்லாதவர்கள் என்று, படிக்கவும் அழகாக இருக்கும். எங்கள் தரவில் இது வேலை செய்யாது. காரணம், உறுப்பினர் அல்லாதவர் யாராவது ஒருநாள் பால் கொண்டுவந்தால், மையத்தில் உறுப்பினர் எண்ணைக் காலியாக விட்டுப் பதிவு செய்வார்கள். அந்தக் கட்டத்தில் 'நல்' இருக்கும். 'நல்' என்றால் பூஜ்யம் இல்லை, வெறுமையும் இல்லை, 'தெரியாது' என்று பொருள். 112ஆம் எண் அந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அதில் தெரியாத எண் ஒன்று இருக்கிறது, அது 112 ஆகவும் இருக்கலாம், ஆகவே விடை தெரியாது என்கிறது குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல். எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (where) நிபந்தனையில் 'உண்மை' என்று வரும் வரிகள்தான் தேறும், 'தெரியாது' தேறாது. ஆக, காலி எண்ணுள்ள ஒரே ஒரு பதிவு இருந்தால் போதும், ஒரு பெயர்கூட வராது.

பிழைச் செய்தி வந்தால் யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே பிழையே வராது. குவெரி ஒழுங்காக ஓடி முடியும், திரை காலியாக இருக்கும், மேற்பார்வையாளர் எல்லோரும் ஊற்றிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடுவார். ஓடாத குவெரியைக் கண்டு நான் பயப்படுவதில்லை. ஓடித் தவறான விடை தருவதுதான் பயம். இந்த இடத்தில், பொருந்தும் பதிவு ஒன்றும் இல்லையா என்று கேட்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' சரியாக நடந்துகொள்ளும், நான் அதைத்தான் எழுதுகிறேன். பதிவு இல்லாத உறுப்பினரையும் விடாமல் இரு டேபிள்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயினிலும் செய்யலாம். ஆனால் தேதி நிபந்தனையை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' (on) பகுதியில் வைக்க வேண்டும். அதைக் கீழே 'வேர்' பகுதிக்குக் கொண்டுபோய்விட்டால், நாம் தேடும் ஆட்களே கழிந்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் தேதியே இல்லையே.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? பால் பதிவில் ஒரு வரி என்பது ஒருவர் ஒரு வேளை ஊற்றிய பால். பிடித்தம் டேபிளில் ஒரு வரி என்பது ஒரு தீவனக் கடனோ, முன்பணத் தவணையோ, ஆக ஒரு பிடித்தம். இரண்டையும் உறுப்பினர் எண்ணால் இணைத்து, ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை போட்டுக் கூட்டினால் பட்டுவாடாத் தொகை வந்துவிடும் என்று தோன்றும். வராது. பத்து நாளில் இருபது வேளை ஊற்றிய ஒருவருக்கு மூன்று பிடித்தங்கள் இருந்தால், இணைத்த பிறகு அறுபது வரிகள் ஆகிவிடும். பால் பணம் மூன்று மடங்கு, பிடித்தம் இருபது மடங்கு. பிடித்தம் ஒன்றே ஒன்று உள்ளவருக்குப் பால் பணம் சரியாகவே வரும், அதனால் நாலு பேரின் பால் பணத்தை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். பாலைத் தனியாகக் கூட்டி ஆளுக்கு ஒரு வரி, பிடித்தத்தைத் தனியாகக் கூட்டி ஆளுக்கு ஒரு வரி, அதன் பிறகு இணைப்பதுதான் முறை.

இந்த இரட்டிப்பைக் கண்டதும், ஒரே மாதிரி வருபவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் 'டிஸ்டிங்க்ட்' போட்டு மூடிவிடும் பழக்கம் எங்கள் துறையில் நிறைய உண்டு. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. ஒருவர் காலையில் ஆறு லிட்டர், மாலையில் ஆறு லிட்டர், அதே கொழுப்பு, அதே எஸ்என்எஃப் என்று ஊற்றினால் இரண்டு வேளைக்கும் தொகை ஒன்றாகத்தான் இருக்கும். தொகையின் மேல் டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் ஒரு வேளைப் பணம் காணாமல் போகும். விடியலில் எழுந்து கறந்து கொண்டுவந்த பால் அது. எதனால் இரட்டிப்பானது என்று தெரியாமல் அதை நீக்குவது பிழையை ஒளித்து வைப்பதுதான்.

சராசரியிலும் இதே கதை. 2 லிட்டர் பாலில் கொழுப்பு 5.0, 20 லிட்டரில் 3.8. சராசரி எடுக்கும் 'ஏவிஜி' இரண்டையும் கூட்டி வகுத்து 4.4 என்று சொல்லும். இரண்டு பாலையும் ஒரே கேனில் ஊற்றிச் சோதித்தால் ஏறத்தாழ 3.91தான் வரும். லிட்டரால் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் ஊற்றிய நேரம் தேதியும் மணியும் சேர்ந்து பதிவாகிறது. முதல் பத்து நாள் கணக்குக்கு 1ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை என்று 'பிட்வீன்' எழுதினால், 10ஆம் தேதி என்பதை அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். அன்றைய காலைப் பால், மாலைப் பால் இரண்டும் கணக்கில் வராது. 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ, ஆனால் 11ஆம் தேதிக்கு முன் என்று எழுதினால் வம்பே இல்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. நேரத்தின் மேல் ஃபங்ஷன் போட்டுத் தேதியை மட்டும் பிரித்து ஒப்பிட்டால், அந்த நேரத்தின் மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாமல் போகும். வரம்பாக எழுதினால் அது உதவும். குவெரி எந்த வழியில் ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

என்ன வேண்டும் என்று மட்டும் சொல், எப்படி எடுப்பது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் என்ற இந்த ஏற்பாட்டை நான் உண்மையிலேயே வியக்கிறேன். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. அங்கேயே பணியாற்றிய டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் சீக்வல் என்ற மொழியாக அதற்கு உருவம் கொடுத்தார்கள். பிறகு அது எஸ்கியூஎல் ஆகி, 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி அதைத் தரப்படுத்தியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதே மொழியில் நான் பவானிக் கரையின் பால் கணக்கைக் கேட்கிறேன்.

ஆனால் பெயர்களை எடுத்துக்கொண்டால் அந்த மொழியின் கையில் இல்லாத சிக்கல்கள் வரும். உறுப்பினர் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். மையத்தில் ஒட்டும் பட்டியலை அகர வரிசையில் கேட்பார்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் உள்ள யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் சகுந்தலா முதலிலும் சக்தி அடுத்தும் வருவார்கள், ஏனென்றால் புள்ளியின் எண் உகரக் குறியின் எண்ணைவிடப் பெரியது. நம் முறைப்படி சக்தி முன்னால் வர வேண்டும். ஜானகி, கடைசிக்குப் போகாமல் சகரப் பெயர்களை அடுத்து வந்து நிற்பார். வகரப் பெயர்கள் ழகரத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால் தமிழுக்கான கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) எதுவென்று தேர்ந்தெடுத்து, இந்த மாதிரிப் பெயர் ஜோடிகளை உள்ளே போட்டு வரிசை சரிதானா என்று சோதித்த பிறகுதான் விடுவேன். கட்டத்தின் அளவையும் பார்க்க வேண்டும். தமிழ்ச்செல்வி என்பது நமக்கு 7 எழுத்து. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் அதற்கு 39 பைட் வேண்டும். 30 பைட் என்று அளவு வைத்த கட்டத்தில் அடங்காது.

இவற்றைவிட நுட்பமான ஒன்று 'கொ' என்ற எழுத்து. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். குவெரிக்கு இரண்டும் வேறு. கொடியரசு என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் கொடியரசு அகப்படமாட்டார். மையங்களில் ஆளுக்கொரு கீபோர்டு வைத்துத் தட்டுகிறார்கள், அதனால் இது வரத்தான் செய்யும். பெயர் உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 13ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. முன்னெழுத்து பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். முருகன் எஸ், எஸ்.முருகன், எஸ். முருகன் மூவரும் ஒருவரா வேறு வேறா என்று எந்தக் குவெரியும் தனியாகச் சொல்லாது. வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

தகவலைப் படிப்பது ஒருபுறம், மாற்றுவது வேறு. வரிகளை மாற்றும் அப்டேட் எழுதும் முன், அதே 'வேர்' நிபந்தனையோடு, படிக்க மட்டும் செய்யும் செலக்ட் ஓட்டி, எத்தனை வரி வருகிறது என்று கேட்டவரிடமே சொல்லிவிடுவேன். "எங்க மையத்துல நாப்பது பேருதானுங்க" என்று அவர் சொல்லும்போது எனக்கு நானூறு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அப்புறம் டிரான்ஸாக்ஷனை (முழுதாக ஏற்கவோ கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுதி) தொடங்கி அப்டேட், மாறிய வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட் செய்து உறுதியாக்குவேன், இல்லையென்றால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்புவேன். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் இயல்பாகவே ஒவ்வொரு கட்டளையையும் உடனே கமிட் செய்துவிடும், தொடக்கத்தை நாம்தான் சொல்ல வேண்டும். டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்கியூஎல்லில் அது நடக்காது.

விலைத் திருத்தம் வரும்போதுதான் அதிகம் வாதாட வேண்டியிருக்கும். முன்தேதியிட்டு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள், பழைய பதிவுகளில் விலையை மாற்றிவிடுங்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். ஒரே அப்டேட்டில் முடிகிற வேலைதான். ஆனால் அந்த விவசாயியின் கையில் அன்றைக்குக் கொடுத்த பில் இருக்கிறது, அதில் பழைய விலை அச்சாகியிருக்கிறது. அந்தப் பதிவில் நான் கை வைக்கமாட்டேன். வித்தியாசத் தொகையைத் தனி வரியாக, எந்தத் திருத்தத்துக்காக, எந்தத் தேதியிலிருந்து என்ற விவரத்தோடு சேர்க்கிறேன். விலைப் பட்டியல் டேபிளிலும் பழைய விலை அழிவதில்லை. அது எந்த வேளை வரை செல்லும் என்று முடித்துவிட்டு, புதிய விலைக்குப் புதிய வரி போடுகிறேன். திருத்தம் மாலைப் பாலிலிருந்து தொடங்குவதும் உண்டு என்பதால் தேதி மட்டும் போதாது, காலையா மாலையா என்பதும் அந்த வரியில் இருக்கிறது.