பள்ளம் இடம் மாறாது

வான்வழிப் படங்களில் பயிர்த்தடம், அதாவது மண்ணுக்குள் புதைந்த பழைய அமைப்புகள் மேலே வளரும் பயிரில் காட்டும் அடையாளம், தேடும் வேலைக்கு வந்த புதிதில், கண்ணில் படும் வட்டத்தையெல்லாம் பழங்கால ஈமமேட்டைச் சுற்றி வெட்டிய அகழி என்று குறித்துவிடுவேன். அப்படிக் குறித்த ஒரு கரும்பச்சை வட்டம், மாடுகளுக்கு வைக்கும் வட்டமான தீவனத் தொட்டி நின்ற இடம். சாணமும் சிந்திய தீனியும் உரமாகி, சுற்றிலும் புல் மட்டும் தழைத்திருக்கிறது. முந்தைய வருடப் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதே அளவு வட்டம் சற்றுத் தள்ளி வேறு இடத்தில் இருந்தது. தொட்டியை நகர்த்தலாம், பள்ளம் நகராது.

அடிப்படை எளிமையானதுதான். தூர்ந்துபோன பள்ளத்தின் மேல் மண் ஆழமாக இருக்கும், ஈரம் தங்கும், அதனால் பயிர் உயரமாக வளர்ந்து மற்றவை பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். அடியில் சுவர் இருந்தால் வேர் இறங்க வழியில்லாமல் பயிர் குட்டையாகி முன்கூட்டியே மஞ்சளாகும். ஆனால் பயிர் தாகத்தில் தவித்தால்தான் இந்த வித்தியாசம் வெளியே வரும். 2018 கோடை வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறைக்குப் பக்கத்து வயலில், அதுவரை யாருக்கும் தெரியாத பெரிய வட்ட அமைப்பு ட்ரோன் படத்தில் வந்தது. 2013இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் தண்ணீர்க் குழாய் எட்டாத பக்கம் புல் காய்ந்து, காணாமல் போன கற்கள் நின்றிருந்த இடங்களைக் காட்டியது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் ஒரு பார்லி வயல். டிராக்டர் சக்கரத் தடங்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஓட, அவற்றைச் சட்டையே செய்யாமல் குறுக்கே ஒரு கரிய கோடு போகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். முனை வளைந்து திரும்பி, நாலு பக்கமும் சுற்றி வந்து, கிழக்கே மட்டும் ஒரு சின்ன இடைவெளி, வாசல். வயலின் வேலியைத் தாண்டி அடுத்த வயலிலும் அதே கோட்டின் ஒரு மூலை மங்கலாகத் தொடர்ந்தது. வடிகால் குழாய் என்றால் நேராக ஓடும், இல்லாவிட்டால் மீன் முள் போலக் கிளைக்கும், இப்படி மூலை திரும்பி வாசல் விடாது. சரி, பழைய அகழி, உறுதிதான் என்று குறித்தேன்.

அதே வயலின் மற்ற வருடப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், எதிலும் சுவடே இல்லை. அன்றிலிருந்து வெறுமையாகத் தெரியும் வயலுக்கு ‘எதுவும் இல்லை’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ‘இந்தப் படத்தில் தெரியவில்லை’ என்று எழுதி, படம் எடுத்த தேதியையும் என்ன பயிர் என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.