யாரும் பிடிக்காத நேரத்துத் தண்ணீர்

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் அழகாபுரத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, டென்மார்க் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. கல்யாண வீடுகளில் "என்ன வேலை கண்ணு பார்க்கற?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: "மேட்டூர்த் தண்ணி நம்ம தெருவுக்குக் குழாயில வருது இல்லீங்களா, அந்த மாதிரி அங்க ஊருக்கே வெந்நீர் குழாயில வருது. வீட்டைச் சூடு பண்ண, குளிக்கிற தண்ணியைச் சூடு பண்ண. எந்தத் தெருவுல எத்தனை இஞ்சுக் குழாய் போகணும்னு நான் கணக்குப் போடறேன்."

ஒரு தடவை அம்மாபேட்டைப் பெரியம்மா கேட்டார்: "சரி, சூடு ஆறின தண்ணி என்னாகும்?"

"திரும்பிப் போயிடும் பெரியம்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டேன். என் வேலையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருந்தது என்று தெரிய எனக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது.

இதை டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் என்பார்கள். வீட்டுக்கு வீடு பாய்லர் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் தண்ணீர் சூடாகும். அது மின் நிலையத்தின் கழிவு வெப்பமாக இருக்கலாம், குப்பை எரிக்கும் ஆலையாக இருக்கலாம், சுற்றுப்புறத்துச் சூட்டை இழுத்துக் கொடுக்கும் பெரிய ஹீட் பம்ப்பாகவும் இருக்கலாம். சாலைக்கு அடியில் இரட்டைக் குழாய் ஓடும். ஒன்று சப்ளை, இன்னொன்று ரிட்டர்ன். ஒவ்வொரு கட்டடத்தின் நிலவறையிலும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். நகரத்துத் தண்ணீர் தன் சூட்டை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அந்த அடிக்குப் பிறகு 1979-ல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எந்த வெப்பம் என்று நகராட்சிகளே உட்கார்ந்து திட்டமிட்டன. இன்று அந்த நாட்டு வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குழாய்களில் இணைந்திருக்கின்றன. கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட எல்லாமே. வெப்பம் விற்பவர் லாபம் வைக்கக் கூடாது, அடக்க விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. எனக்கு அந்த விதியின் மேல் பெரிய மரியாதை உண்டு.

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பக்கம் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். 1,440 மெகாவாட் நிலையம். எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே ஆவியாக வானத்துக்குப் போகிறது. அங்கே என்றால் அந்த வெப்பம் ஒரு நகரத்தையே கதகதப்பாக வைத்திருக்கும். நம் ஊருக்கு அந்தச் சூடு தேவைப்படாது, வேண்டியது குளிர்ச்சி. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் இதே முறையில் குளிர்ந்த நீரைக் குழாய்களில் சுற்றவிட்டுக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். கணக்கெல்லாம் ஒன்றுதான், திசைதான் வேறு. என்றாவது சேலத்தின் ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் அப்படி ஒன்று வரும், அன்று இந்தக் கணக்கு இங்கேயே கை கொடுக்கும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

என் மேசைமேல் ஒரு குழாய்த் துண்டு இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் குழுத் தலைவர் அக்கா கொடுத்தது. கரும்புத் துண்டைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல உள்ளே எல்லாமே தெரியும். நடுவில் எஃகுக் குழாய், சுற்றிலும் மஞ்சள் நிறத்தில் கெட்டியான பாலியூரித்தேன் நுரை, வெளியே கறுப்புப் பிளாஸ்டிக் உறை. நுரைக்குள் இரண்டு செம்புக் கம்பிகள் புதைந்திருக்கும். ஒன்று செம்பு நிறத்திலேயே, மற்றொன்று வெள்ளீயம் பூசி வெள்ளையாக. எங்காவது கசிந்து நுரை நனைந்தால் அந்தக் கம்பிகளுக்கும் எஃகுக் குழாய்க்கும் இடையிலான மின்தடை மாறும். எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று மேலே இருந்தே சொல்லிவிடலாம், ஊரையே தோண்ட வேண்டாம். தறியில் இழை அறுந்தால் சத்தத்தை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கம்பிகளைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எஃகு சூடானால் நீளும். 100 மீட்டர் குழாயை 10 டிகிரியிலிருந்து 80-க்குக் கொண்டுபோனால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்க வழியில் வளைவுகள் வைப்போம். எங்கள் அலுவலகத்தில் அவற்றுக்குப் பெயர் 'கொண்டை ஊசி'. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 வளைவுகளில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள், வேறு பெயர் வாயில் வரவில்லை.

நெருக்கமான பழைய நகரத்தில் குழாய்க்கு இடம் தேடுவதுதான் பாடு. எங்களிடம் வந்தது ஐந்து மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு பகுதி. வீடுகள் நெருங்கி இருப்பது ஒருவகையில் வரம். ஒரு மீட்டர் குழாய்க்கு எவ்வளவு வெப்பம் விற்கிறோம் என்பதை வைத்துத்தான் திட்டம் கட்டுப்படியாகுமா என்று பார்ப்போம். நெருக்கம் கூடக் கூட அந்த எண் ஏறும். ஆனால் அதே நெருக்கத்தால் சாலைக்கு அடியில் விரல் நுழைய இடம் இருக்காது. கேஸ், குடிநீர், சாக்கடை, மின்சாரம், ஃபைபர் கேபிள், அதற்கு மேல் நூறு வருட மரங்களின் வேர். எட்டு அங்குலக் குழாய் என்றாலும் நுரையும் உறையும் சேர்ந்து 315 மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்படி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் போக ஒன்றேகால் மீட்டர் அகலப் பள்ளம் வேண்டும். சில தெருக்களில் அந்த இடம் இல்லவே இல்லை. அங்கே தெருவை விட்டுவிட்டு, கட்டடம் கட்டடமாக நிலவறைகளுக்குள்ளேயே குழாயைக் கொண்டுபோனோம். அதற்கு ஒவ்வொரு கட்டடத்துக்காரர்களின் சம்மதமும் வேண்டும். எனக்குத் தெரிந்து குழாய்க் கணக்குக்கு ஆன நாளைவிடச் சம்மதத்துக்கு ஆன நாள்தான் அதிகம்.

ஆரம்பத்தில் எனக்குக் குளிர் என்பது எண் மட்டும்தான். டென்மார்க்குக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் வெளி வெப்பநிலை மைனஸ் 12 டிகிரி. அந்த எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு டிசம்பரில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிதான் இருக்கும். விடியற்காலையில் விறகடுப்பில் காய்ந்த வெந்நீரை ஓர் அம்மா பக்கெட்டில் கொண்டுவந்து வாசலில் வைப்பார். ஒன்பது பேர், ஒரே அடுப்பு. முதலில் குளித்தவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க வந்தது. கடைசியில் நின்ற என் தங்கைக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அவள் பல் நடுங்க நின்றதைப் பார்த்த பிறகு, கடைசி வீடு என்பது என் கணக்கில் வெறும் புள்ளியாக இல்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய சலுகை. டென்மார்க்கின் கணக்குமுறைப்படி ஒரு வீட்டுக் குளியல் வெந்நீருக்கு உச்சத்தில் சுமார் 37 கிலோவாட் வேண்டும். 100 வீட்டுக்கு 3,700 என்று போட்டால் தப்பு. சுமார் 325 போதும். இதை நம்பிச் சின்னக் குழாய் போடத் துணிச்சல் வேண்டும்; துணிந்தால்தான் திட்டம் கட்டுப்படியாகும்.

இனி அந்த மூன்றாவது குளிர்காலம். 130 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத் தொகுதி, அதன் இணைப்பு முழுக்க என் வரைபடம். சப்ளை 70 டிகிரி, ரிட்டர்ன் 40 என்று கணக்குப் போட்டிருந்தேன். ஜனவரியில் புகார் வந்தது. அந்தக் கிளையின் கடைக்கோடிக் கட்டடத்தில் காலை ஆறரை மணிக்கு வீடு சூடாகவில்லை, குழந்தைகள் இருக்கிற வீடுகள். முதலில் எல்லாரும் பம்ப்பைப் பார்த்தார்கள், அப்புறம் குழாய் அளவை. நான் என் கணக்கை நாலு தடவை திருப்பிப் போட்டேன், எங்கும் பிசகு இல்லை. மீட்டரைப் பார்த்தால் என் தொகுதியிலிருந்து தண்ணீர் 54 டிகிரியில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பதினாலு டிகிரிதானே என்று தோன்றும். அந்தத் தொகுதிக்கு அப்போது 600 கிலோவாட் தேவை. 40-ல் திரும்பினால் ஒரு செகண்டுக்கு 5 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாக ஓடினால் போதும். 54-ல் திரும்பினால் அதே வெப்பத்துக்கு 9 லிட்டர் ஓட வேண்டும். குழாயில் ஓட்டம் ஏறினால் அழுத்த இழப்பு அதன் வர்க்கமாக ஏறும். இங்கே மூன்றரை மடங்கு. அந்த அழுத்தத்தை முன்வரிசைக் கட்டடங்களே தின்றுவிட்டால் கடைக்கோடிக்கு என்ன மிஞ்சும்? சூட்டை இறக்கிவைக்காமல் திரும்பும் தண்ணீர் குழாயில் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு போகிறது. நான் மூன்று வருடமும் அனுப்புகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்க் குழாயில் தண்ணீர் வரும், திரும்பிப் போகாது. என் மனதும் அப்படியே பழகியிருந்தது.

ஏன் சூடாகத் திரும்புகிறது என்று தெரியாமல் பத்து நாள் போனது. அந்த வாரம் வீட்டுக்கு எதிரே, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற அண்ணன் வால்வுக் குழிக்கு மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன். தெருவில் எல்லாரும் குடம், டிரம், சம்ப் எல்லாம் நிரப்பி முடித்துவிட்டார்கள். அவர் வால்வை மூடவில்லை. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா, எல்லாரும் பிடிச்சாச்சே?"

"அதுக்குத்தான் பாப்பா மூடாம வெச்சிருக்கேன். எல்லாரும் பிடிக்கிறப்ப கேட்டா எல்லாமே சத்தமாத்தான் இருக்கும். யாரும் பிடிக்காதப்ப ஓடுது பாரு, அது யாருக்கும் இல்லாத தண்ணி. அதைப் பிடிச்சாத்தான் கடைசி வீட்டுக்குப் போகும்."

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். ஜனவரியில் இராத்திரியும் பகலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஓடும், அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. மீட்டர் பதிவுகளில் செப்டம்பருக்குப் போனேன். இணைப்பு கொடுத்தாகிவிட்டது, ஆனால் குளிர் தொடங்கவில்லை. யாரும் ரேடியேட்டரைத் திறந்திருக்க மாட்டார்கள். இரவு மூன்று மணி. குளிப்பவர்களும் இல்லை. திரையில் ஓட்டத்தைக் காட்டும் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். ஆனால் செகண்டுக்கு 2 லிட்டர் நேராக ஓடிக்கொண்டிருந்தது, எல்லா இரவும். 65 டிகிரியில் போய் 60-க்கு மேலேயே திரும்பி வந்தது.

பைபாஸ். குழாய்களைக் கழுவி முதன்முதலாகத் தண்ணீர் ஏற்றும்போது, சப்ளையையும் ரிட்டர்னையும் நேராக இணைக்க நிலவறையில் ஒரு சிறு குழாயும் வால்வும் வைப்போம். வேலை முடிந்ததும் அதை மூட வேண்டும். என் வரைபடத்தில் வால்வு இருந்தது. 'ஓட்டம் சரிபார்த்ததும் மூடிப் பூட்டவும்' என்ற ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுத வேண்டியவள் நான்தான். அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. "உடனே அங்க போன் பண்ணு" என்றார்.

இங்கே மதியம் இரண்டரை, அங்கே காலை பத்து. அங்கிருந்த டெக்னீஷியன் நிலவறைக்கு இறங்கினார். வால்வு முழுக்கத் திறந்திருந்தது. மூடச் சொல்லிவிட்டு, ரிட்டர்ன் குழாயில் நுரை போர்த்தாத இடத்தில் கை வைக்கச் சொன்னேன். உடனே எடுத்துவிட்டார், சுடுகிறது என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் பக்கத்தில் ஏதோ பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தார். இந்தத் தடவை கையை எடுக்காமலேயே என்னோடு பேசினார். திரையில் 49 என்று காட்டியது.

அதற்கு மேல் ஏழு டிகிரி இறங்க மார்ச் வரை ஆனது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் வால்வையும் அளவு பார்த்துத் திருக வேண்டியிருந்தது. மெதுவான, அலுப்பான வேலை. அங்கிருந்தவர்கள் பொறுமையாகச் செய்தார்கள். 42-ல் நின்றது. கடைக்கோடிக் கட்டடத்திலிருந்து புகார் வந்தது ஜனவரியோடு சரி.

போன பொங்கலுக்கு அந்த அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். லேப்டாப்பில் அந்தச் செப்டம்பர் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோட்டின் மேலேயே விரலை ஓட்டினார்.

"எத்தனை இஞ்சுக் குழாய் பாப்பா?"

"ஒண்ணேகால் இஞ்சுங்கண்ணா. நிமிஷத்துக்கு எட்டுக் குடம் போயிருக்கு."

"போகும், போகும். ஒண்ணேகால் இஞ்சுல அவ்வளவு போகும்" என்றார். பிறகு, "திரும்பிப் போற தண்ணியில சூடு எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பார்க்கறீங்க?" என்று கேட்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.