பாக்ஸ் டெஸ்டுக்குப் போடும் பாட்டு

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். வாடகைக்குப் போய் வந்த ஸ்பீக்கர் பாக்ஸை டெஸ்ட் பண்ண நான் போடுவது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார்க்காரரின் ‘நுவாஜ்’. மேகங்கள் என்று அர்த்தம். குத்துப்பாட்டு போட்டால், கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் செத்துக் கிடந்தாலும் தெரியாது, பேஸ் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு கிட்டார் நிதானமாக வாசிக்கும்போது ஒன்றும் மறையாது. பிக் கம்பியில் உரசுகிற சத்தம் தெளிவாக விழுந்தால் பாக்ஸ் சரி. அதற்கு 1953-ல் எலக்ட்ரிக் கிட்டாரில் பதிவு பண்ணினதுதான் தோது. 1940-ல் கிளாரினெட்டோடு வந்த முதல் பதிவும் இருக்கிறது. அதை ராத்திரி கடை அடைத்த பிறகு எனக்காகப் போட்டுக்கொள்வேன்.

கடை ரோட்டோரம் என்பதால் கேட்கிறவர்களை நான் தேடிப் போக வேண்டாம். சந்தையிலிருந்து மரச்சீனிக் கிழங்கோடு வந்த ஒரு பாட்டி நின்று, “மக்களே, ஆருக்க வீட்டுல செத்த வீடு?” என்று கேட்டார். இல்லை, சும்மா டெஸ்ட் என்றேன். “சும்மா போடுத பாட்டா இது?” என்று சொல்லிவிட்டுப் போனார். டியூஷன் போகிற பெண்பிள்ளை ஒருத்தி செல்போனில் பாட்டுப் பெயரைப் பிடித்துவிட்டு, “காபி கடையில போடுற பாட்டு மாதிரி இருக்கு அண்ணா, படிச்சிட்டே கேக்கலாம்” என்றாள். எதிர்க்கடை சாயாக்காரருக்கு உறக்கம் வருகிறதாம். கிளாஸ் கழுவும்போது போடாதே என்கிறார்.

பாட்டியின் கேள்விதான் எனக்குள் கிடந்தது. ஏனென்றால் இது சோக ராகமே இல்லை. எங்கள் சபை கொயர் மாஸ்டரிடம் கேட்க வைத்தேன். கண்ணை மூடி விரலால் தாளம் போட்டுவிட்டு, “ஜி மேஜராக்கும். பின்ன எதுக்கு நெஞ்சு இப்படி அடைக்குது?” என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். மேஜர் என்றால் பொதுவாகச் சந்தோஷமாகக் கேட்கிற சுர வரிசை. ரெண்டு பேரும் கிட்டாரை எடுத்து உட்கார்ந்தோம். ஜி-யில் இருக்கிற பாட்டு ஜி-யில் தொடங்கவில்லை. சம்பந்தமில்லாத இடத்திலிருந்து கிளம்பி, அரை அரை சுரமாக வழுக்கி இறங்கி, சுற்றிவிட்டுத்தான் ஜி-க்கு வருகிறது. வந்து சேர்ந்ததும் ஒரு ஆறுதல். ஆனால் அங்கேயும் அது உட்காருவதில்லை. இந்த அலைச்சல்தான் பாட்டிக்குச் செத்த வீடாகவும் பிள்ளைக்குக் காபி கடையாகவும் கேட்கிறது என்று நினைக்கிறேன். எது என்று பாட்டு சொல்வதில்லை.

1940 டிசம்பரில் பாரிஸில் இது பதிவானபோது ஊர் ஜெர்மன் படையின் கையில். வயலின் வாசிக்கும் கூட்டாளி ஸ்டெஃபான் கிராப்பெல்லி போர் தொடங்கியபோதே லண்டனில் தங்கிவிட்டார். ஜாங்கோ, மனூஷ் என்கிற ஜிப்சிப் பிரிவைச் சேர்ந்தவர். போர்க் காலத்தில் நாஜிகள் அந்த இனத்தைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1943-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார், எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாளில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பாட்டைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்னவாகக் கேட்டதோ, அதுவும் இதே சுரங்கள்தான்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜாங்கோவின் கைக்கதையை யாருக்கும் முதலில் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டுப் போட்டால் ஜனம் காதால் கேட்காது, இரக்கத்தால் கேட்கும். “அய்யோ பாவம்” என்று உச்சுக் கொட்டிக்கொண்டே முடித்துவிடும்.

எனக்கு ஸ்பீக்கர் பெட்டி அடித்துத் தருகிற ஆசாரி அண்ணனிடமும் அப்படித்தான். புதுப்பெட்டி கொண்டுவந்த அன்று ‘நுவாஜ்’ போட்டேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்டார். உள்ளங்கையைப் பிளைவுட்டில் வைத்து, மூட்டு மூட்டாகத் தடவி, எங்காவது விறுவிறுக்கிறதா என்று பார்த்தார். பின்பக்கம் குனிந்து காதை ஒட்டினார். ஒட்டின காதை எடுக்கவே இல்லை. பாட்டு முடிந்த பிறகு, “அவசரம் இல்லாத ஆளு. கொள்ளாம்” என்றார்.

அப்புறம்தான் சொன்னேன். 1928-ல், பதினெட்டு வயதில், வீடாக இருந்த வண்டியில் தீப்பிடித்தது. மனைவி விற்பதற்குச் செய்து வைத்திருந்த செல்லுலாய்ட் பூக்கள், எரிய வேறென்ன வேண்டும்? இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. இந்த வாசிப்பெல்லாம் மிச்சம் ரெண்டு விரலில்.

ஆசாரி அண்ணனுக்கும் இடது மோதிர விரலில் மேல் கணு கிடையாது, ரம்பத்தில் போனது. அவர் உச்சுக் கொட்டவில்லை. “அப்ப பிடி எப்படி?” என்றார். கிட்டாரை எடுத்துக் காட்டினேன்: ஓடுகிற வாசிப்புக்கு ரெண்டு விரல், பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டுக்கு மட்டும் முடங்கின விரல்களை மெல்லிய கம்பிகளின் மேல் வைத்து அமுக்குவார். அண்ணன் தன் கையை விரித்து மடக்கிப் பார்த்தார். “அது செரி. இல்லாத விரலுக்கு வேலை குடுக்கப்பிடாது. இருக்குதுக்கு எடம் மாத்தணும். உளி பிடிக்க நானும் அப்படித்தான் மாத்தினேன்” என்றார். “இன்னொருக்க போடு.”

போன மாதம் அவர் மகள் கல்யாணம், மைக் செட் நம்முடையது. பந்தியில் அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று முன்னமே சொல்லிவிட்டார். முதல் பந்தி உட்கார்ந்து பருப்பும் நெய்யும் விழுந்ததும் போட்டேன். அவர் கறி வாளியோடு நடுவில் நின்று கொஞ்சநேரம் கேட்டார். அரைப்பாட்டு ஓடியிருக்கும், மாப்பிள்ளையின் மாமா இலையிலிருந்தே கையைத் தூக்கினார்.

“எடே மைக் செட்டு, கல்யாண வீடாக்கும்! நல்ல பாட்டு ஒண்ணும் இல்லியா?”

ஆசாரி அண்ணனைப் பார்த்தேன். மாற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு, மாமாவின் இலையில் அவியல் போடப் போனார்.