ரீப்போவுக்கு வளைகால்: முழங்கால் எந்த மூலையில் வரவேண்டும்

விறாந்தையில் கதிரைகளுக்கு நடுவே வைக்கும் குட்டி மேசையை எங்கள் பக்கத்தில் ரீப்போ என்பார்கள். அதற்கு நேரான கால் வைப்பவருக்கு மூலைமட்டமும் சீவுளியும் போதும். வளைந்த கால் வைப்பவர் மரத்தின் நாரோட்டத்தைப் படித்தே ஆகவேண்டும். வளைவை வரைவதும் அதை வாளால் அரிவதும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். ஆனால், ஒரு கட்டையின் எந்த மூலையை முழங்காலாக்குவது என்ற முடிவு முதற்கோடு போடுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது. அது பிழைத்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அந்தக் கால் ஒருநாள் கணுக்காலில் முறியும்.

முழங்கால் வெளியே தள்ளி, கணுக்கால் உள்ளே ஒடுங்கி, பாதம் மீண்டும் சற்று வெளியே விரியும் இந்த வடிவம் இங்கிலாந்தில் ஆன் அரசியார் ஆட்சி செய்த 1702 முதல் 1714 வரையான காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. ஒல்லாந்தர் வீடுகளிலும் அதே நூற்றாண்டில் அது பரவியிருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795வரை ஆண்ட ஒல்லாந்தரின் காலத்தில் இலங்கையிலும் வளைகால் வைத்த கதிரைகள் உள்ளூர் மரங்களில், உள்ளூர்த் தச்சர்களின் கையால் செய்யப்பட்டன. வட்டமான இருக்கையும் ஆறு வளைகால்களும் கொண்ட பேர்கோமாஸ்டர் கதிரையை அவற்றுள் மிகவும் துணிச்சலான வேலையாக நான் மதிக்கிறேன். ஆறு கால்களும் ஒன்றுபோல் வளைந்து ஒரே தளத்தில் நிற்க வேண்டுமென்றால், அதைச் செய்தவருக்கு அளவும் பொறுமையும் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

வளைகாலின் பலவீனம் முழுவதும் கணுக்காலில்தான் இருக்கிறது. மூன்று அங்குலச் சதுரக் கட்டையிலிருந்து எடுக்கும் காலில் கணுக்காலின் பருமன் ஒன்றேகால் அங்குலமளவில்தான் மிஞ்சும். காலின் உச்சியில் சதுரமாக விடப்படும் மேற்கட்டையில் தொடங்கும் நார்களில் ஒரு பகுதி முழங்காலின் உட்புற வளைவிலேயே அறுபட்டுவிட, பாதத்தில் தொடங்கும் நார்களில் ஒரு பகுதி கணுக்காலுக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது. ஆகவே, மேலிருந்து பாதம்வரை அறுபடாமல் ஓடும் ஒரு நார்க்கற்றை இருக்கிறதா என்பதே என் முதற் கேள்வி. காலின் வளைவை வரைவதற்கு அச்சாக ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சட்டையின் மேல் ஓர் அடிமட்டத்தை மேற்கட்டையிலிருந்து பாதத்துக்கு நேராக வைத்துப் பார்ப்பேன். அடிமட்டம் கணுக்காலின் அகலத்துக்குள்ளேயே செல்ல வேண்டும். வெளியே போனால் வளைவு பார்வைக்கு எவ்வளவு ஒயிலாக இருந்தாலும் அதைக் குறைத்துத் திரும்ப வரைவேன். பதினாறு முதல் பதினெட்டு அங்குல உயரமுள்ள ரீப்போவின் கால் குட்டையானது என்பதால், சாப்பாட்டு மேசையின் காலுக்கு வரையும் வளைவை அப்படியே சுருக்கி இதற்கு வரைந்தால் அது கூனிய கால்போலத் தோன்றும். குட்டைக் காலுக்கு அடக்கமான வளைவே பொருந்தும்.

இனி மரம். பனை எங்கள் கூரைகளை நூற்றாண்டுகளாகத் தாங்கியது. வளையாகவும் சிலாகையாகவும் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் அதை வளைகாலுக்கு எடுக்கக் கூடாது. பனையின் பலம் நேராக ஓடும் கறுத்த நார்களில் இருக்கிறது. அவற்றைச் சுற்றியுள்ள பகுதியோ மென்மையானது. வளைவாக அரியும்போது ஒவ்வொரு நாரும் மேற்பரப்பில் குறுக்காக வெட்டுப்பட்டுச் சிலும்பு சிலும்பாக எழும்பும். அதை எந்த அரத்தாளாலும் அடக்க முடியாது. பூவரசின் வைரம் நிறத்திலும் இழைவிலும் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால், வேலிகளில் நின்று தோட்டங்களுக்குக் குழையாக வெட்டப்பட்டு வளர்ந்த பூவரசில் முடிச்சில்லாத மூன்று அங்குலக் கட்டை கிடைப்பது அரிது. வேம்பு மலிவானது, மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நார் மாறி மாறிப் பின்னி ஓடுவதால் சீவும்போது பிய்யும் என்பதை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும். முதிரையும் அப்படித்தான், அதைவிடக் கடினம்; பொன்னிற மினுக்கத்துக்காக அந்தக் கடினத்தைத் தாங்கலாம். என் தெரிவு பலா. உளிக்கு இணங்கும், கறையான் எளிதில் அண்டாது, மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணிறமாக முதிரும். பலாவை வெட்ட அனுமதி வேண்டுமென்பதால், பழைய வீடு இடிக்கும் இடங்களில் வரும் நிலைகளையும் சட்டங்களையும் மரக்காலையில் சொல்லிவைத்து வாங்குகிறேன். நன்றாகக் காய்ந்த தடித்த பலா வேறெங்கும் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

காய்தல் என்பது இங்கே சிறிய விடயமன்று. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கு எங்கள் வெயிலில் சற்றுக் குறையலாமென்றாலும், மூன்று அங்குலக் கட்டையின் நடுப்பகுதி ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் காய்ந்துவிடாது. பச்சைக் கட்டையில் அரிந்த கால், காயும்போது சதுரம் கெட்டு, மேற்பலகையைத் தாங்கும் சட்டத்துடனான பொருத்தை இழுத்துத் திறக்கும்.

கட்டை தயாரானதும் அதன் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். தேக்கில் வளர்ச்சி வளையங்கள் தெளிவாகத் தெரியும். அந்த வளையங்கள் முழங்கால் மூலையிலிருந்து எதிர்ப்புற உள்மூலைக்கு மூலைவிட்டமாகச் செல்லும்படி கட்டையைத் திருப்பினால், அடுத்தடுத்த இரு முகங்களிலும் ரேகை ஒன்றுபோல் அமைந்து வளைவோடு சேர்ந்து இறங்கும். வளையங்கள் முழங்கால் மூலைக்கு எதிராகக் குறுக்கே கிடந்தால், முழங்காலின் உச்சியில் கண்போன்ற ஒரு வட்ட ரேகை எழுந்து பார்வை முழுவதையும் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பலாவில் வளையங்கள் மங்கலாக இருப்பதால் வெட்டுமுகத்தைச் சீவி, சற்று நனைத்துப் பார்க்கிறேன். வளைந்த கொம்பையே தேடி எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. வத்தைக்கும் தோணிக்கும் வங்கு என்னும் வளைந்த விலாச்சட்டம் வைத்தவர்கள் அப்படித்தான் தேடினார்கள். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறை அருகில் இருக்கும்போது அந்த வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், ஒரே அளவில் வளைந்த நான்கு கொம்புகள் கிடைப்பதில்லை. கிளை மரம் காயும்போது தன் விருப்பத்துக்கு முறுகவும் செய்யும்.

சட்டத்தின் கழுந்து, அதாவது அதன் நுனியில் செதுக்கிய நாக்கு, நுழையும் துளைகளைக் கட்டை சதுரமாக இருக்கும்போதே எடுத்துவிடுவேன். வளைந்தபின் அது பட்டறை மேசையில் அசையாமல் நிற்காது. பிறகு அடுத்தடுத்த இரு முகங்களிலும், முழங்கால்கள் இரண்டும் ஒரே மூலையை நோக்கும்படி அச்சட்டையை வைத்து வரைய வேண்டும். முதல் முகத்தைப் பட்டி வாளால் அரிந்ததும் விழுந்த துண்டுகளை எறியாமல் அதே இடத்தில் ஒட்டுநாடாவால் கட்டுகிறேன். இரண்டாம் முகத்தின் கோடு அந்தத் துண்டின்மேல்தான் இருக்கிறது. கட்டை வாளின் மேசையில் சமமாகக் கிடப்பதற்கும் அது வேண்டும். இரண்டாம் முகத்தையும் அரிந்து நாடாவை அவிழ்க்கும்போது, நான்கு பட்டைகளோடு கால் வெளிவரும்.

இதற்குப் பிறகுதான் கை வேலை. கணுக்காலின் நான்கு மூலைகளையும் முதலில் தட்டையாகச் சீவி எட்டுப் பட்டையாக்கி, அந்தப் பட்டைகளின் விளிம்புகளை மறுபடி சீவி உருண்டையாக்குவேன். நேரடியாக உருட்ட முயன்றால் நான்கு கால்களும் நான்கு விதமாகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரைப்போல் சீவுளியும் ஓட வேண்டும்: முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கவும், பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறவும். இரு திசைகளும் சந்திக்கும் குழிவில் சீவுளி மறுக்கும். அங்கே மர அரம், அதன்பின் எஃகுச் சுரண்டி. புதிதாக உடைத்த கண்ணாடித் துண்டின் விளிம்பும் அந்த இடத்தில் நன்றாகவே சுரண்டும். எங்கள் ஓடாவிமார் அதை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். பின்னிய நாருள்ள வேம்பிலும் முதிரையிலும் சுரண்டியே அரத்தாளைவிடத் துப்புரவான முகத்தைத் தரும். ஒரு காலை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதைவிட, ஒவ்வொரு படியையும் நான்கு கால்களிலும் செய்து முடித்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். முழங்கால் விளிம்பை முற்றாக உருட்டிவிடாமல், விரலுக்குத் தெரியுமளவு ஒரு கோட்டை விட்டுவிடுவது என் விருப்பம். பக்கவாட்டு வெளிச்சத்தில் வளைவைக் காட்டுவது அந்தக் கோடுதான்.

முழங்காலின் இருபுறமும் ஒட்டும் சிறு துண்டுகளை அதே கட்டையின் கழிவிலிருந்தே எடுத்து, நார் காலோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓடும்படி ஒட்ட வேண்டும். வேறு கட்டையில் எடுத்தால் பொலிஷ் பூசியவுடன் நிற வேறுபாடு தெரிந்துவிடும்.

பாதத்தின் அடிப்பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் வழக்கமுள்ள எங்களுக்கு அது முக்கியமானது. அங்கே வெட்டுமுகம் நேரே நிலத்தில் நிற்கிறது. நார்க்குழாய்கள் தண்ணீரை மேலே உறிஞ்சிக் கணுக்கால்வரை கறையைக் கொண்டுபோகும். அரக்குப் பொலிஷ் காலின் மற்றப் பகுதிக்கு மிக அழகாக இருந்தாலும் ஈரம் பட்டால் வெளுக்கும். எனவே பாதத்தின் அடிக்கு வார்னிஷை மரம் இனி உறிஞ்சாது என்னும்வரை திரும்பத் திரும்பப் பூசி, நைலோன் குமிழ் ஒன்றை அறைந்து, மரத்தை நிலத்திலிருந்து சற்று உயர்த்திவிடுகிறேன். சூடான தேநீர்க் கோப்பை வைக்கப்படும் மேற்பலகைக்கும் அதே காரணத்தால் வார்னிஷ்தான்.

மேற்பலகையைச் சட்டத்தோடு பசையால் ஒட்டிவிடக் கூடாது. வாடைக்காற்றோடு வரும் மாரியில் பலகை அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும்; ஒட்டப்பட்டிருந்தால் பலகை வெடிக்கும், அல்லது சட்டத்தை இழுத்து முழங்காலின் பொருத்தைத் திறக்கும். சட்டத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் எடுத்து, அதற்குள் நாக்குப்போல் நுழையும் சிறு மரத்துண்டுகளை மேற்பலகையின் அடியில் திருகாணியால் முடுக்கினால், பலகை தன் இடத்தில் நின்றபடியே அசைந்துகொள்ளும். கோடையில் மேசை செய்பவர்கள் பலகையின் அகலவாக்கில் அந்தத் துண்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு தடித்த கடதாசி அட்டையின் அளவுக்கேனும் இடைவெளி விடுங்கள்; மாரியில் பலகைக்கு அந்த இடம் தேவைப்படும்.