ஆறாக ஓடும் மாஹ்லர்: பெரியோவின் 'சின்ஃபோனியா' கேட்புக் குறிப்புகள்

மார்ச் 4
பின்நவீனத்துவம் என்றால் எதையும் எதோடும் ஒட்டலாம் என்ற பேச்சு அலுப்பூட்டுகிறது. இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோவின் 'சின்ஃபோனியா'வைக் கவனித்துக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் 125ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டு, 1968 அக்டோபரில் அரங்கேறியது. இசைக்குழுவோடு ஒலிவாங்கி வைத்த எட்டுக் குரல்கள். இந்தக் குறிப்புகள் அதன் மூன்றாம் பகுதியைப் பற்றி மட்டும்.

மார்ச் 5
முதலில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாஹ்லரின் இரண்டாம் சிம்ஃபனியில் (பல பகுதிகள் கொண்ட இசைக்குழுப் படைப்பு) மூன்றாம் பகுதியைத் தனியாகக் கேளுங்கள். பத்து நிமிடத்துக்குச் சற்று மேல், 3/8 தாளம். மெட்டு தானாக வாயில் வரும்வரை கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் பெரியோவுக்குப் போனால் இரைச்சல்தான் மிஞ்சும். அவர் மாஹ்லரை அடியில் ஓடவிட்டு, மேலே மற்ற இசையமைப்பாளர்களின் துண்டுகளை ஏற்றுகிறார். ஆறு மண்ணுக்குள் மறைந்து வேறிடத்தில் கிளம்புவதுபோல மாஹ்லர் வந்து போகிறார். ஆறு பெரியோவே சொன்ன உவமை.

மார்ச் 8
எந்த மேற்கோள் ஏன் வருகிறது? மாஹ்லரின் மெட்டு, புனித அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்யும் பாட்டிலிருந்து பிறந்தது. அங்கே தண்ணீர் இருக்கிறது. ஆகவே டெபுஸியின் 'கடல்' வருகிறது, பீத்தோவனின் ஆறாம் சிம்ஃபனியிலிருந்து ஓடைக்கரை வருகிறது, பெர்கின் 'வோட்செக்' ஓபராவில் நீரில் மூழ்கும் இடம் வருகிறது. ராவெலின் 'லா வால்ஸ்' நுழைவது வேறு வாசல் வழியாக: அதற்கும் மூன்றெண்ணிக்கைச் சுழற்சி. ராகமாலிகையோடு இதை ஒப்பிடாதீர்கள். அங்கே ஒன்று முடிந்து அடுத்தது. இங்கே அடுத்தது வந்தபின்னும் முந்தையது கீழே நகர்கிறது. யாருடைய இசை என்று கண்டுபிடிப்பதையே விளையாட்டாக்கினால் இந்த நகர்வு காதில் விழாது.

மார்ச் 9
குரல்கள் பேசுவதில் பெரும்பகுதி சாமுவேல் பெக்கெட்டின் 'பெயரிட முடியாதவன்' நாவலிலிருந்து (பிரெஞ்சில் 1953). தன் வாயில் வருவது யாருடைய சொல் என்று தெரியாமல், நிறுத்தவும் முடியாமல் பேசும் குரல் அது. பெரியோவின் இசைக்குழுவும் பிறர் இசையில்தான் பேசுகிறது. நாவலும் இசையும் ஒன்றையொன்று விளக்கத் தேவையில்லாமல் பொருந்தும் இடம் இதுவே. வடிவங்கள் தீர்ந்துபோன உணர்வையே புதிய படைப்புக்குச் சரக்காக்கலாம் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஜான் பார்த் கட்டுரை எழுதியது 1967இல், பெரியோவின் படைப்பு அரங்கேறுவதற்கு முந்தைய ஆண்டு.

மார்ச் 12
ஒலிச்சமநிலை. குரல்களை ஏற்றிவிட்டால் பின்னணி இசையோடு வானொலி நாடகமாகிவிடும்; இறக்கிவிட்டால் சாதாரணக் கோரஸ். பாதி புரிந்தும் புரியாமலும் கேட்பது இந்தப் படைப்பின் இயல்பு என்றே பெரியோ கருதினார். பேச்சை முழுதாகப் பிடிக்கப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டாம். முடிவில் பேசுபவர் இசைக்குழுவின் நடத்துநரைப் பெயர் சொல்லி நன்றி கூறுவார். அந்தப் பெயர் மேடைக்கு மேடை மாறும்.