வெட்டி எடுத்த கேள்வி

“மேம், அந்தப் பாட வீடியோவில் என் குரல் வர வேண்டாம்” என்று என் மாணவி ஒருத்தி கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தாலும் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு, வர்க்கப் பூர்த்தி முறை: இருபடிச் சமன்பாட்டின் ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்ப்பது. 2022இல் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், ஆனாலும் அது இல்லாமல் இருபடிச் சூத்திரத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும் என்பதால் நான் விடாமல் நடத்துகிறேன். எக்ஸ் வர்க்கத்துடன் 6 எக்ஸ் நிற்கும் சமன்பாட்டில் இருபுறமும் 9 கூட்டியபோது அவள் கேட்டாள்: “அந்த 9 எங்கிருந்து வந்தது மேம்? நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்றால் நான் 10 கூட்டட்டுமா?” வகுப்பே சிரித்தது. எனக்கோ அதைவிடச் சரியான கேள்வி வேண்டியிருக்கவில்லை. பேனா டேப்லெட்டில் எக்ஸ் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, 6 எக்ஸை 3 அகலமுள்ள இரண்டு பட்டைகளாகப் பிரித்து வலப்புறமும் கீழும் ஒட்டினேன். மூலையில் 3க்கு 3 இடம் காலியாக நின்றது. அதை அடைப்பதுதான் 9. 10 என்றால் ஒன்று மிஞ்சும். சிரித்தவர்களில் பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007இல் பாடங்களைத் திரைப்பதிவு செய்யத் தொடங்கியது, வகுப்புக்கு வராத மாணவர்களுக்காக. தில்லியில் நானும் அதற்காகத்தான் ஓ.பி.எஸ். என்ற திரைப்பதிவு மென்பொருளில் பாடத்தைப் பதிவு செய்கிறேன்: ஊரில் விசேஷம் என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடும் பிள்ளைகள் இங்கே நிறைய. பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். ஆனால் குரல் அவளுடையது. அவள் வேண்டாம் என்ற பிறகு வைத்திருக்க எனக்கு என்ன உரிமை?

குரலையும் சிரிப்பையும் வெட்டியபின், அந்தச் சதுரப் படம் எதற்காக வருகிறது என்றே தெரியவில்லை. எனவே வீட்டில் மறுபடி பதிவு செய்தேன். தடங்கல் இல்லாத, யாரும் எதையும் சந்தேகிக்காத பாடமாக அது வந்தது. வராத பிள்ளை அதைப் பார்த்தால், தனக்கு மட்டும்தான் 9 புரியவில்லை என்று நினைக்காதா? அதைவிட என்னை உறுத்துவது, கேட்டது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று அவளிடம் நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டதோ என்பது.

இப்போதெல்லாம் அவள் சந்தேகம் கேட்கும் முன், “ரெக்கார்டிங் ஓடுதா மேம்?” என்கிறாள். நிறுத்திய பிறகுதான் பேசுகிறாள். நிறுத்துவதால் அவளாவது கேட்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதே நேரம் நல்ல கேள்விகள் எல்லாம் பதிவுக்கு வெளியே போய்விடுகின்றன. பெயர் சொல்லாமல், அவள் கேள்வியை என் குரலில் பதிவில் சேர்க்கலாமா என்று கேட்க நினைத்திருக்கிறேன். ஒருமுறை வேண்டாம் என்றவளிடம் ஆசிரியையே மறுபடி கேட்டால் அவளால் மறுக்க முடியுமா என்பதால் இன்னும் கேட்கவில்லை.